புழுதிப் புயலும் போர் விமானமும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெள்ளிவிழாவில் உரையாற்ற வருமாறு செயலாளர் அவர்கள் என்னை அழைத்தபோது, கல்வியின் மேன்மை குறித்து நான் பேசுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அதனை எனக்கு முன்னர்ப் பேசியவர்கள் என்னைவிடச் சிறப்பாகவே பேசிவிட்டனர். ஆகவே, உயர்நிலைப் பள்ளிப் படிப்பையே முடிக்க இயலாமற்போன ஒரு மனிதரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கல்விச் சங்கத்தின் விழாவில் இது முறையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். அவர் பெயர் கார்டன் பார்க்ஸ். அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே 1912ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்தவர். பத்திரிகைப் புகைப்படக்காரராகப் புகழ் பெற்றவர்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவர் எடுத்த படமன்று.

1937ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அமெரிக்காவின் ஒஹையோ ஆறு பெருக்கெடுத்தது. ஏறத்தாழ நானூறு பேர் மாண்டனர். பத்து இலட்சம் மக்கள் வீடிழந்தனர். கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. 'லைஃப்' என்னும் படப் பத்திரிகை, மார்கரெட் பூர்க்-ஒயிட் என்ற அம்மையாரை அங்கே அனுப்பியது. வெள்ளத்தில் மிதக்கும் வீடுகளையும் படகுகளையும் அவர் படம் பிடித்தார். ஆயினும் இன்றுவரை உலகம் நினைவில் வைத்திருக்கும் படத்தில் ஒரு சொட்டு வெள்ளநீரும் இல்லை. நிவாரணப் பொருளுக்காகக் கறுப்பின ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் கூடைகளும் வாளிகளும் ஏந்தி வரிசையாக நிற்கின்றனர். அவர்களுக்குப் பின்னால் ஒரு மாபெரும் விளம்பரப் பலகை. அதிலே ஒரு வெள்ளையர் குடும்பம், தாய், தந்தை, இரு பிள்ளைகள், ஒரு நாய்க்குட்டி சகிதம், மோட்டார் வண்டியில் புன்னகையோடு செல்கிறது. உலகிலேயே மிக உயர்ந்த வாழ்க்கைத் தரம் இந்நாட்டினுடையது என்று பலகையின் தலைப்பில் பெரிய எழுத்துகளில் பொறித்திருக்கிறது. வண்டியில் செல்பவர்கள் நேராக அந்த வரிசையின் மேலேயே ஏறிச் செல்வதுபோல் தோன்றும். 1937 பிப்ரவரி 15ஆம் நாளிட்ட இதழில் அப்படம் வெளிவந்தது.

மழைக்கும் ஆற்றுக்கும் நிறம் தெரியாது என்று நாம் சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் வெள்ளம் வருமுன்பே தாழ்வான நிலத்தில் யார் குடியிருக்கிறார்கள், வடிந்த பின்பு கையில் வாளியோடு யார் நிற்கிறார்கள் என்பதை ஆறு தீர்மானிப்பதில்லை. இந்த அம்மையார் 1946இல் நம் நாட்டுக்கும் வந்தார். காந்தியடிகள் இராட்டையின் அருகே அமர்ந்திருக்கும் புகழ்பெற்ற படம் அவர் எடுத்ததுதான். அதே ஆண்டில் டாக்டர் அம்பேத்கரையும் அவர் படம் பிடித்தார். நம் வீடுகளில் அண்ணலின் படத்தை மாட்டி வைத்திருக்கும் நாம், அதை எடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. இன்று அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுப் பார்ப்போம் என்பதே என் நோக்கம்.

இப்போது பார்க்ஸிடம் வருகிறேன். கான்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்காட் என்ற சிற்றூர். பதினைந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை சிறு உழவர். அந்நிலம் சூறைக்காற்றுக்குப் பேர்போனது. பின்னாளில் அவர் எழுதிய முதல் நாவலே ஒரு சூறைக்காற்றோடுதான் தொடங்குகிறது. தொடக்கப் பள்ளி கறுப்பருக்குத் தனி, வெள்ளையருக்குத் தனி. உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாக உட்காரலாம், ஆனால் விளையாட்டிலும் விழாக்களிலும் கறுப்பருக்கு இடமில்லை. ஊர்ச் சுடுகாட்டுக்கு நிகரான கல்லறைத் தோட்டத்திலும் கறுப்பருக்குத் தனிப் பகுதி. இதை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த மன்றத்தில் அமர்ந்திருக்கும் எவருக்கும் அது புரியும். பதினொரு வயதில், நீந்தத் தெரியாது என்று அறிந்தே வெள்ளைச் சிறுவர் மூவர் அவரை ஆற்றில் தள்ளினர். தண்ணீருக்கடியில் மூச்சடக்கிக் கரை சேர்ந்தார்.

அப்பள்ளியில் ஓர் ஆசிரியை இருந்தார். கறுப்பினப் பிள்ளைகளை நோக்கி, கல்லூரிக்குப் போய்ப் பெற்றோர் பணத்தைப் பாழாக்காதீர்கள், எப்படியும் நீங்கள் ரயிலில் சுமை தூக்கவும் வீடுகளில் பணி செய்யவும்தான் போகிறீர்கள் என்று சொன்னாராம். பிற்காலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பார்க்ஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கின. அவற்றுள் ஒன்றை அந்த ஆசிரியைக்கே அவர் காணிக்கையாக்கினார் என்பர். நானும் முப்பது ஆண்டுகள் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வகுப்பில் ஓர் ஆசிரியன் சலிப்பில் உதிர்க்கும் ஒரு சொல், கேட்ட பிள்ளையின் நெஞ்சில் அறுபது ஆண்டு தங்கியிருக்கும் என்பதை இந்நிகழ்ச்சியைப் படித்தபோது எண்ணி அஞ்சினேன்.

தாய் இறந்தபோது பார்க்ஸ் பதினாறு வயதையும் எட்டவில்லை. மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் இருந்த தமக்கையிடம் அனுப்பப்பட்டார். அங்கே தமக்கையின் கணவருக்கும் இவருக்கும் ஒத்துவரவில்லை. ஒரு நாள் அவர் இவரை வீட்டைவிட்டு வெளியே தள்ளினார். அது குளிர்காலம். அந்த வடபுலத்துக் குளிரை நாம் கற்பனையிலும் உணர முடியாது. தண்ணீர் உறையும் நிலைக்கு மிகக் கீழே வெப்பநிலை இறங்கிவிடும். வெளியில் படுத்தவன் காலையில் எழுந்திருக்க மாட்டான். இரண்டு நகரங்களுக்கிடையே இரவெல்லாம் ஓடும் டிராம் வண்டியில் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக உட்கார்ந்தபடியே உறங்கி அந்த இரவுகளைக் கழித்தார். பகலில் பள்ளி. பின்னர் பியானோ வாசித்தும், உணவு விடுதிகளில் எச்சில் மேசை துடைத்தும், கிடைத்த வேலையைச் செய்தும் பிழைத்தார். பள்ளிப்படிப்பு அத்தோடு நின்றது. இயற்கையின் கொடுமையைப் படம் பிடிக்க வந்த பலரும் கம்பளிச் சட்டையோடு வந்தவர்கள். இவர் அந்தக் குளிருக்குள் சட்டையில்லாமல் நின்றவர்.

1930களில் அமெரிக்காவின் நடுச் சமவெளியில் ஒரு பெருங்கேடு நேர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும் கோதுமைக்கு நல்ல விலை கிடைத்ததால், காலங்காலமாக மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வெளிகளை எந்திரக் கலப்பை கொண்டு உழுது தள்ளினர். 1931 முதல் மழை பொய்த்தது. வேரற்ற மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலை நள்ளிரவாக்கிய கரும்புழுதிப் புயல் வீசியது. அந்நாளை அவர்கள் 'கறுப்பு ஞாயிறு' என்றே அழைக்கின்றனர். உழவர் குடும்பங்கள் பழைய மோட்டார் வண்டிகளில் பாயும் படுக்கையும் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குக் கூலி தேடிப் புறப்பட்டன.

இத்துயரைப் பதிவு செய்ய அரசாங்கமே புகைப்படக்காரர்களை நியமித்தது. இராய் ஸ்ட்ரைக்கர் என்பவர் அப்பிரிவின் தலைவர். ஆர்தர் ராத்ஸ்டைன் என்ற இளைஞர் 1936 ஏப்ரலில் ஓக்லஹோமாவில் எடுத்த படம் ஒன்று உண்டு: புழுதிக் காற்றுக்கெதிரே ஓர் உழவரும் அவருடைய இரு சிறு புதல்வர்களும் தலை குனிந்து நடக்கின்றனர், பின்னே பாதி மண்ணில் புதைந்த ஒரு கொட்டகை. அதே ஆண்டு மார்ச்சில் டோரதியா லாங் என்ற அம்மையார், கலிபோர்னியாவில் உறைபனியால் பட்டாணிப் பயிர் கருகிப்போக, வேலையற்று முகாமில் முடங்கிக் கிடந்த ஒரு தாயைப் பிள்ளைகளோடு படம் எடுத்தார். 32 வயதிலேயே நெற்றியில் கவலைக் கோடுகள் விழுந்த முகம். நாளேட்டில் அப்படம் வந்ததும் அந்த முகாமுக்கு அரசு 20,000 பவுண்டு உணவுப் பொருள் அனுப்பியது. ஆனால் அதற்குள் அந்தத் தாய் அங்கிருந்து வேறிடம் போய்விட்டார். அவருடைய பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங் அம்மையாரே பின்னாளில் எழுதினார். அந்தத் தாய் யார் என்பது 1978இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அவர் செரோக்கி என்னும் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது. நாற்பதாண்டுக் காலம் உலகமே அந்த முகத்தைப் பார்த்தது. அந்த முகத்துக்கு உரியவருக்கு அதனால் கிடைத்தது எதுவுமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரைக்கர் நல்லவர்தாம். ஆயினும் 1937இல் லாங் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில், கறுப்பர், வெள்ளையர் இரு சாராரையும் எடுங்கள், ஆனால் வெள்ளைக் குத்தகை உழவர்களின் படங்களுக்கு முதன்மை கொடுங்கள், அவையே பரவலாக அச்சேறும் என்ற பொருள்பட எழுதினார். அவர் வெறுப்பினால் எழுதவில்லை; பத்திரிகை உலகம் அப்படி இருந்ததை அறிந்து எழுதினார். இரக்கத்துக்கும் வரிசை முறை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இப்படங்கள் ஒரு பத்திரிகையில் அச்சாகி, ஒரு ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் யாரோ பயணி விட்டுச் சென்ற இதழாகக் கிடந்தன. அவ்வண்டியில் பயணிகளுக்கு உணவு பரிமாறும் பணியாளராக இருந்தவர் கார்டன் பார்க்ஸ். அவர் அதை எடுத்து அறைக்குக் கொண்டு சென்று மீண்டும் மீண்டும் புரட்டினார். வறுமையை அவர் அறியாதவர் அல்லர். அதைப் படம் எடுத்து உலகின் கண்முன் வைக்கலாம் என்பதே அவருக்குப் புதிது. அதையடுத்துச் சிகாகோவில் ஒரு திரையரங்கில் செய்திப் படம் ஒன்றைப் பார்த்தார். 1937 டிசம்பர் 12ஆம் நாள் சீனாவின் யாங்சி ஆற்றில் 'பனாய்' என்ற அமெரிக்கப் போர்ப் படகை ஜப்பானிய விமானங்கள் தாக்கி மூழ்கடித்தபோது, அந்தப் படகிலேயே இருந்து குண்டுமழைக்கு நடுவில் நார்மன் ஆலி என்பவர் எடுத்த படம் அது. படம் முடிந்ததும் ஆலியே மேடையில் தோன்றிப் பேசினார். பார்க்ஸ் அன்றே உறுதி செய்துகொண்டார். ஒரு பக்கம் புழுதிப் புயல், மறு பக்கம் போர். இரண்டும் சேர்ந்து ஒரு பரிமாறும் பணியாளரைப் புகைப்படக்காரர் ஆக்கின. வண்டி சியாட்டில் நகரை அடைந்ததும் ஓர் அடகுக் கடைக்குச் சென்று, ஏழரை டாலருக்கு ஒரு பழைய காமிராவை வாங்கினார். பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு அவர் இட்ட பெயர் 'ஆயுதங்களுள் ஒரு தேர்வு' என்ற பொருள் தருவது. கத்தியும் துப்பாக்கியும் எளிதில் கைக்கெட்டிய தெருக்களில் வளர்ந்தவர், காமிராவைத் தேர்ந்தார்.

1942இல் ஓர் உதவித்தொகை பெற்று வாஷிங்டனில் அதே ஸ்ட்ரைக்கரின் அலுவலகத்தில் சேர்ந்தார். முதல் நாள் ஸ்ட்ரைக்கர் அவருடைய காமிராவை வாங்கி வைத்துக்கொண்டு, போய் ஒரு கடையில் உணவருந்தி, ஒரு மேற்சட்டை வாங்கி, ஒரு திரைப்படம் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். மூன்று இடத்திலும் இவருக்கு இடமில்லை. நாட்டின் தலைநகரம் அது! கொதித்துத் திரும்பிய பார்க்ஸ், இக்கொடுமை இழைப்பவர்களைப் படம் எடுக்கப் போகிறேன் என்றார். அதற்கு ஸ்ட்ரைக்கர் சொன்ன மறுமொழியை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். கொடியவன் ஒருவனைப் படம் எடுத்துக் கீழே கொடியவன் என்று எழுதிவிட முடியாது. அவனும் பார்வைக்கு எல்லாரையும் போலத்தான் இருப்பான். இதை வாழ்நாள் முழுவதும் தாங்கி வந்தவர்களிடம் போய்ப் பேசுங்கள் என்றார்.

அவ்வலுவலகத்தில் மாலை வேளையில் தரை துடைக்கும் ஓர் அம்மையார் இருந்தார். பெயர் எல்லா வாட்சன். பார்க்ஸ் அவரிடம் முதலில் பேசினார். பிறகுதான் காமிராவை எடுத்தார். தந்தையை வெறிக் கும்பலொன்று கொன்றது, கணவர் சுடப்பட்டு இறந்தது, தாயற்ற பேரக்குழந்தைகளைத் தாம் வளர்ப்பது, ஆண்டுக்கு 1,080 டாலர் ஊதியத்தில் குடும்பம் நடத்துவது எல்லாவற்றையும் அந்த அம்மையார் சொன்னார். சுவரில் தொங்கிய அமெரிக்கக் கொடியின் முன்னால் அவரை நிறுத்தி, ஒரு பக்கம் துடைப்பமும் மறு பக்கம் தரை துடைக்கும் நீண்ட கோலுமாகப் படம் எடுத்தார். கண்டதும் ஸ்ட்ரைக்கரே திகைத்துப்போய், இப்படம் நம் எல்லாருடைய வேலைக்கும் உலை வைத்துவிடும் என்றாராம். எனினும் நிறுத்தச் சொல்லவில்லை. தொடர்ந்து அந்த அம்மையாரோடு பணி செய்யச் சொன்னார். அவருடைய வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் சென்று ஏறத்தாழ ஒரு மாத காலம் பார்க்ஸ் படம் எடுத்தார். துடைப்பம் ஏந்திய கைகளை நம் தெருக்களில் நாள்தோறும் காண்கிறோம். அக்கைகளுக்கு உரியவரின் பெயரைக் கேட்டவர் நம்மிலேயே எத்தனை பேர்?

இனிப் படைவீரர்களின் கதை. அமெரிக்கப் படையில் அந்நாளில் கறுப்பருக்குத் தனிப் பிரிவு. பெரும்பாலோருக்குச் சுமை தூக்கும் வேலையும் சமையல் வேலையும்தான். கறுப்பருக்கு விமானம் ஓட்டும் அறிவு இல்லை என்பதே படைத்துறையின் நெடுங்காலக் கொள்கையாக இருந்தது. கறுப்பர் பத்திரிகைகளும் சங்கங்களும் இடைவிடாது போராடியதன் பயனாக 1941இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னுமிடத்தில் கறுப்பின விமானிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1946 வரை 992 விமானிகள் அங்கே தேறினர்.

இந்த இடத்தில் நம் வரலாறு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. டாக்டர் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி படையில் சுபேதாராக இருந்தவர்; படைப் பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். அவர்கள் குடும்பத்துக்குள் எழுத்து நுழைந்த வழி அதுவே. அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மகார்கள் போர்க்குலத்தார் அல்லர் என்று கூறி அவர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியது. இரண்டாம் உலகப் போர் மூண்டு ஆள் தேவைப்பட்ட 1941இல்தான் மகார் படைப்பிரிவு எழுந்தது. வீரம் இல்லை என்று ஒதுக்குவதும், தேவை வந்தபோது வீரத்தைக் கண்டுபிடிப்பதும் இரு நாட்டிலும் ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன. 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மக்களின் நிலைக்கும் நம் மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டியதைப் படித்தவர்கள் அறிவர்.

1943இல் பார்க்ஸ், போர்ச் செய்தி அலுவலகத்தின் புகைப்படக்காரராக, டெட்ராய்ட் நகரையடுத்த செல்ஃப்ரிட்ஜ் விமானத் தளத்துக்கு அனுப்பப்பட்டார். கறுப்பின விமானிகளின் 332ஆம் போர் விமானப் பிரிவு அங்கே பயிற்சியில் இருந்தது; பெஞ்சமின் டேவிஸ் என்ற கறுப்பின அதிகாரி அதன் தலைவர். அதே ஆண்டு ஜூனில்தான் டெட்ராய்ட்டில் இனக்கலவரம் வெடித்து 34 பேர் மாண்டிருந்தனர். அவர்களுள் 25 பேர் கறுப்பர். அந்தப் புகை அடங்குமுன்பே, அந்த நாட்டுக்காக உயிர்விட ஆயத்தமாகிக்கொண்டிருந்த இளைஞர்களோடு பார்க்ஸ் தங்கினார். அவர்களோடு உண்டார், வானில் பறந்தார். அவர் எடுத்த படங்களில் விமானிகள் குண்டு வீசவில்லை, வெற்றி முழக்கமிடவில்லை. பறக்குமுன் வரைபடத்தைக் கூர்ந்து பார்க்கிறார்கள். அதிகாரியின் சொல்லைக் கேட்கிறார்கள். விமானத்தைப் பழுது பார்க்கிறார்கள். கறுப்பருக்கு எந்திர அறிவு இல்லை என்று சொன்னவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி எழுத்தில் தர முடியாது.

அவர்களோடு ஐரோப்பாவுக்குச் சென்று போர்க்களத்தில் அவர்களைப் படம் எடுப்பதே பார்க்ஸுக்கு இடப்பட்ட பணி. வர்ஜீனியாத் துறைமுகம் வரை உடன் சென்றார். கப்பல் புறப்படும் வேளையில், உங்கள் பயண ஆவணங்கள் ஒழுங்காக இல்லை என்று கூறி அவரைத் தடுத்துவிட்டனர். கறுப்பின விமானிகளின் வீரம் பத்திரிகைகளில் படமாக வருவதைத் தென்மாநிலத்து அரசியல்வாதிகள் சிலர் விரும்பவில்லை என்பதே உண்மைக் காரணம் என்று பின்னர் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. 1944 ஜனவரித் தொடக்கத்தில் அவர்கள் கடல் கடந்தனர். இவர் கரையில் நின்றார். விமானம் ஓட்ட அனுமதி கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. ஓட்டியதற்குச் சான்று இருக்கக்கூடாது என்பதில் அவர்கள் கவனமாக இருந்தனர்! இதை நான் படித்த நாள் முதல், ஆவணம் என்ற சொல்லை இலேசாக உச்சரிக்க என்னால் முடிவதில்லை.

போர் முடிந்து வீரர்கள் திரும்பினர். எப்படித் திரும்பினர்? 1946 பிப்ரவரி 12ஆம் நாள், பசிபிக் போர்முனையில் பணியாற்றி அன்றுதான் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஐசக் உட்வார்ட் என்ற கறுப்பின வீரர், சீருடையோடு பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் இயற்கை உபாதைக்காக வண்டியை நிறுத்தச் சொன்னதால் ஓட்டுநருடன் வாக்குவாதம் ஏற்பட்டது. தென் கரோலினாவின் ஒரு சிற்றூரில் காவலர்கள் அவரைக் கீழே இறக்கி அடித்தனர். ஊர்க் காவல் தலைவரின் தடியடியில் இரு கண்களும் போயின. போர்முனைச் சேவையில் இழக்காத பார்வையைச் சொந்த நாட்டில் சில மணி நேரத்தில் இழந்தார். வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஜூரி அரை மணி நேரத்துக்குள் அக்காவல் தலைவரை விடுவித்தது. ஆனால் கண்ணிழந்த அந்த வீரரின் முகம் பத்திரிகைகளில் படமாக வந்தது. நாடு முழுவதும் கொதித்தது. குடியரசுத் தலைவர் ட்ரூமன் வரை அச்செய்தி எட்டியது. 1948 ஜூலை 26ஆம் நாள், படையில் இனவேற்றுமை கூடாது என்ற ஆணையில் அவர் கையொப்பமிட்டார். அந்த ஆணைக்குக் காரணங்கள் பல உண்டு. அந்த முகமும் அவற்றுள் ஒன்று.

உயிரோடும் கண்ணோடும் திரும்பியவர்களின் நிலை என்ன? போரிலிருந்து மீண்டவர்களுக்குப் படிப்புச் செலவும், வீடும் தொழிலும் தொடங்கக் கடனுறுதியும் தர 1944இல் சட்டம் செய்திருந்தனர். சட்டத்தில் நிறம் பற்றிய சொல் ஒன்றுமில்லை. கொடுக்கும் கை மட்டும் உள்ளூர் வங்கிகளிடமும் அலுவலர்களிடமும் இருந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் 1947 வரை அவ்வாறு உறுதியளிக்கப்பட்ட கடன்கள் 3,229. அவற்றுள் கறுப்பின வீரர்கள் பெற்றவை இரண்டு. மூவாயிரத்து இருநூற்று இருபத்தொன்பதில் இரண்டு! லூயிவில் நகரத்து வாளி வரிசையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். வெள்ளமானாலும் போரானாலும், ஆபத்து வரும்போது சமமாக வந்து, நிவாரணம் வரும்போது மட்டும் அது ஆள் பார்த்து வருகிறது. அதைக் கணக்குச் சொல்லும். ஆனால் கணக்கைப் படித்துக் கண்ணீர் விடுவோர் குறைவு. அதனால்தான் படமும் வேண்டும், கணக்கும் வேண்டும், இரண்டையும் படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் வேண்டும். இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டாகச் செய்துவரும் வேலை இதுவே என்று நான் கருதுகிறேன்.

பார்க்ஸின் பிற்கால வாழ்க்கையை விரைவாகவே சொல்லி விடுகிறேன். 1948இல் 'லைஃப்' பத்திரிகைக்குப் படம் எடுக்கத் தொடங்கி, அதன் முதல் கறுப்பினப் புகைப்படக்காரராகப் பணியில் அமர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் அங்கிருந்தார். வெள்ளம் எடுத்த அம்மையாரின் படம் வெளிவந்த அதே பத்திரிகை. 1956இல் அலபாமாவில் தனிக் குழாய், தனி வாயில், தனிக் கடைச் சன்னல் என்று பிரிக்கப்பட்டு வாழ்ந்த ஒரு குடும்பத்தை வண்ணப் படங்களாக எடுத்தார். படங்கள் வெளிவந்ததும் அவற்றில் இருந்தவர்களுள் சிலர் வேலையிழந்து, ஊரைவிட்டே போக நேர்ந்தது. பத்திரிகை அவர்களுக்கு உதவ வேண்டியதாயிற்று. படம் எடுப்பவன் ஊர் திரும்பிவிடுகிறான், படத்தில் இருப்பவன் அங்கேயே இருக்கிறான் என்பதைக் காமிரா பிடிக்க விரும்பும் இளைஞர்கள் மறந்துவிடக் கூடாது. 1969இல் தம் நாவலைத் தாமே திரைப்படமாக இயக்கினார். ஹாலிவுட்டின் பெரிய நிறுவனமொன்றின் படத்தை இயக்கிய முதல் கறுப்பர் அவர். சூறைக்காற்று திரையிலும் வீசியது.

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். என் பாட்டனாரின் படம் ஒன்று எங்கள் கூடத்தில் தொங்குகிறது. காக்கிச் சட்டை, இடுப்பில் பட்டை, பக்கத்தில் ஸ்டூடியோக்காரரின் பூந்தொட்டி. போருக்குப் போய் வந்தவர் என்று என் தந்தையார் சொல்வார். எந்தப் போர், எந்தப் படைப்பிரிவு, எந்த ஊரில் எடுத்தது என்று கேட்டால் தெரியாது. சட்டத்தைக் கழற்றிப் பின்புறம் பார்த்தேன், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டேன். சொல்லக் கூடியவர்கள் போய்விட்டார்கள். என் பாட்டனாரின் முகம் என்னிடம் இருக்கிறது, அவருடைய வாழ்க்கை இல்லை. இந்த வெள்ளிவிழா மலருக்கெனப் பழைய விடுதிப் படங்களும் முதல் ஆண்டு மாணவர்களின் குழுப் படமும் திரட்டப்பட்டிருப்பதைப் பார்த்தேன். குழுப் படத்தில் பின்வரிசையில் நிற்கும் பலருக்குப் பெயர் இல்லை. அவர்களை அறிந்தவர்கள் இம்மன்றத்தில் இன்னும் இருக்கிறார்கள். மதிய உணவு இடைவேளையில் மாணவர்கள் ஒரு பென்சிலோடு அவர்களிடம் சென்று கேட்டு எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பென்சிலே போதும், மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும்.

எல்லா வாட்சன் அம்மையாரின் படமும், செல்ஃப்ரிட்ஜ் விமானிகளின் படங்களும், புழுதிப் புயலின் படங்களும் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஒரே தொகுப்பில், பெயரும் ஊரும் தேதியும் குறித்த அட்டைகளோடு இருக்கின்றன. யாரும் பார்க்கலாம். கார்டன் பார்க்ஸ் 2006ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டு மார்ச் 29ஆம் நாள், அவர் கரையில் நின்று வழியனுப்பிய அந்த விமானிகளுக்கும் டஸ்கீகியின் மற்றோருக்கும் அமெரிக்க நாடாளுமன்றம் தன் தங்கப் பதக்கத்தை வழங்கியது. வாழ்ந்திருந்தோர் முதுமையில் வந்து பெற்றுக்கொண்டனர். பார்க்ஸ் அதைப் படம் எடுக்க இல்லை. அவரை ஃபோர்ட் ஸ்காட்டில், முன்பு கறுப்பருக்கென ஒதுக்கப்பட்டிருந்த அதே கல்லறைத் தோட்டப் பகுதியில், தாய் தந்தையரின் அருகில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.